ஹெட்லைட்டுக்கு எத்தனை வோல்ட் போய்ச் சேருகிறது? – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்தவற்றில் பாதிக்கு மேல் ஆஃப்-ரோடு பைக்கின் ஹெட்லைட் பற்றிய கேள்விகள். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

கேள்வி: என் பைக்கில் 60/55 வாட் (பிரைட்டில் 60, டிம்மில் 55) ஹெச்-4 வகை பல்பு இருக்கிறது. வெளிச்சம் மஞ்சளாக, சோகையாக விழுகிறது. இருட்டில் மண் தடத்தில் பள்ளம் கண்ணுக்குத் தெரிவதற்குள் சக்கரம் அதில் இறங்கிவிடுகிறது. 100/90 வாட் பல்பு போடலாமா சார்?

வேண்டாம். புது பல்பு வாங்குவதற்கு முன் ஒரு மல்டிமீட்டரை எடுங்கள். எஞ்சினை ஓடவிட்டு ஐட்லிங்குக்கு மேலே சற்று முறுக்கிப் பிடித்து, ஹெட்லைட்டைப் போட்டு, முதலில் பேட்டரியின் இரு முனைகளில் அளவெடுங்கள். 13.5 முதல் 14.5 வோல்ட் வரை இருந்தால் சார்ஜிங் சரி. அடுத்து அதே நிலையில் பல்பின் பின்னால் உள்ள கப்ளரில், அதாவது ஒயர்களைப் பல்போடு இணைக்கும் செருகியில், அளவெடுங்கள். கப்ளரைக் கழற்றக் கூடாது. பல்பு எரிந்துகொண்டிருக்கும்போதே கப்ளரின் பின்பக்கமாக மீட்டர் முனையைச் செருக வேண்டும். கழற்றிவிட்டு அளந்தால் கரண்ட் ஓடாது, ஒயரில் இழப்பும் தெரியாது. மீட்டர் முழு வோல்ட்டைக் காட்டி உங்களை ஏமாற்றிவிடும்.

இரண்டுக்கும் வித்தியாசம் அரை வோல்ட்டுக்குள் இருந்தால் ஒயரிங் நன்றாக இருக்கிறது. ஒரு வோல்ட்டைத் தாண்டினால் உங்கள் வெளிச்சம் ஒயரிலும் ஸ்விட்ச்சிலும் சூடாகப் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஹாலஜன் பல்பின் வெளிச்சம் வோல்ட்டேஜ் குறையும் அளவுக்கு மட்டும் குறைவதில்லை, ஏறக்குறைய அதன் 3.4-ஆம் அடுக்குக்குக் குறைகிறது. 13.2 வோல்ட்டில் தரும் வெளிச்சத்தை 100 என்று வைத்தால், 12 வோல்ட்டில் 72 தான். 11.5-க்கு இறங்கினால் 63. மஞ்சள் ஏறுவதும் இதனால்தான், இழை போதிய அளவு சூடாகவில்லை.

இழப்பு எங்கே என்று தேடும்போது முதலில் எர்த்தை, அதாவது கரண்ட் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் வழியைப் பாருங்கள். மீட்டரின் ஒரு முனையை கப்ளரின் எர்த் ஒயரிலும், மறுமுனையை பேட்டரி நெகட்டிவிலும் வையுங்கள். லைட் எரியும்போது 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் போல்ட்டைக் கழற்றி, பெயிண்ட்டையும் துருவையும் உப்புத்தாளால் தேய்த்து இறுக்குங்கள். சேற்றிலும் தண்ணீரிலும் ஓடும் வண்டியில் பாதிக் கோளாறு இங்கேயே தீர்ந்துவிடும். அடுத்த சந்தேகம் ஹேண்டில்பாரில் உள்ள டிம்-பிரைட் ஸ்விட்ச். உள்ளே செப்புத் தகடு பச்சை பூத்திருக்கும்.

இவற்றையெல்லாம் சுத்தம் செய்தும் தேறவில்லை என்றால் ரிலே போடுங்கள். சிறு கரண்ட்டால் பெரிய கரண்ட்டைத் தட்டிவிடும் ஸ்விட்ச் அது, அதன் கால்களில் எண் பொறித்திருக்கும். டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று. பேட்டரி பாசிட்டிவிலிருந்து 1.5 சதுர மி.மீ. ஒயர் ஒன்றை எடுத்து, பேட்டரிக்கு ஒட்டியே 10 ஆம்பியர் ஃபியூஸ் வைத்து, இரண்டு ரிலேக்களின் 30-ஆம் காலுக்கும் கொடுங்கள். 87-ஆம் காலிலிருந்து அதே தடிமனில் பல்புக்கு. பழைய ஹெட்லைட் ஒயர்கள் இனி 86-க்குப் போய் ரிலேயைத் தட்டிவிடும் வேலையை மட்டும் செய்யும். 85 எர்த். 55 வாட் பல்பு இழுப்பது சுமார் 5 ஆம்பியர், ரிலே காயில் இழுப்பதோ அதில் இருபதில் ஒரு பங்குகூட வராது. ஸ்விட்ச்சுக்கும் ஆயுசு கூடும். ஃபியூஸை ரிலே பக்கத்தில் வைப்பவர்கள் உண்டு. அப்படி வைத்தால் நடுவில் ஒயர் உரசி ஃபிரேமில் பட்டால் காப்பாற்ற எதுவும் இல்லை. ரிலேக்களைக் கால்கள் கீழ்நோக்கி இருக்கும்படி மாட்டுங்கள், தண்ணீர் தேங்காது.

100 வாட் பல்பு 8 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதே மெல்லிய ஒயர், அதே பிளாஸ்டிக் ஹோல்டர். முதலில் கப்ளர் பழுப்பாகும், பிறகு உருகும். ரிஃப்ளெக்டர் பிளாஸ்டிக் என்றால் அதன் வெள்ளிப் பூச்சும் கருகும். ரிலே போட்டபின் முழு வோல்ட்டில் எரியும் 55 வாட், பழைய ஒயரில் எரியும் 90 வாட்டைவிட மேல். ஒன்று மட்டும்: வோல்ட்டேஜ் கூடினால் பல்பின் ஆயுள் குறையும். 5 சதவீதம் கூடினாலே ஆயுள் கிட்டத்தட்ட பாதியாகிவிடும். வெளிச்சத்துக்குக் கொடுக்கும் விலை என்று ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

கேள்வி: பல்பை நானே மாற்ற நினைக்கிறேன். கண்ணாடியில் கை படக் கூடாது என்கிறார்களே, உண்மையா?

உண்மை. ஹாலஜன் பல்பின் குவார்ட்ஸ் சுவர் எரியும்போது 250 டிகிரிக்கு மேல் சூடாக இருந்தால்தான் உள்ளிருக்கும் ஹாலஜன் வாயு, ஆவியான டங்ஸ்டனைச் சுவரில் படியவிடாமல் திரும்ப இழைக்குக் கொண்டுபோகும். அந்தச் சூட்டில் விரல் எண்ணெய் பட்ட இடம் கருகி, அங்கே மட்டும் சூடு ஏறி, கண்ணாடி உப்பும் அல்லது விரியும். பட்டுவிட்டால் பதற வேண்டாம். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த சுத்தமான துணியால் துடைத்து, உலர்ந்தபின் போடுங்கள்.

லைட்டை அணைத்துப் பத்து நிமிடமாவது ஆறவிடுங்கள். எண்டூரோ வகை (நெடுந்தூர மண் தட ஓட்டத்துக்கான) வண்டிகளில் ஹெட்லைட் மாஸ்க் பெரும்பாலும் ரப்பர் பட்டைகளில் ஃபோர்க்கைப் பிடித்திருக்கும். மேல் பட்டைகளை அவிழ்த்தால் மாஸ்க் முன்னால் சாயும். ஒயர் இழுபடாமல் ஒரு கையில் தாங்கிக்கொள்ளுங்கள். கப்ளரை நேராகப் பின்னோக்கி இழுங்கள். அசையாவிட்டால் இடம் வலமாக லேசாக ஆட்டலாம், ஒயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. அடுத்து ரப்பர் மூடியை அதன் காதுகளைப் பிடித்து உரியுங்கள். உள்ளே கம்பி ஸ்பிரிங் ஒன்று பல்பை அழுத்திக்கொண்டிருக்கும். அதை உள்ளே தள்ளிப் பக்கவாட்டில் நகர்த்தினால் கொக்கி விடுபடும், பல்பு கையோடு வரும்.

ஹெச்-4 பல்பின் தட்டையான வளையத்தில் மூன்று காதுகள் இருக்கின்றன. அகலமான காது மேலே வர வேண்டும். மூன்றும் பள்ளத்தில் உட்கார்ந்தால் பல்பு ஆடாது. ஆடினால் உட்காரவில்லை என்று பொருள், ஸ்பிரிங்கை வலிய மாட்டாதீர்கள். ரப்பர் மூடியில் 'டாப்' என்று அச்சிட்ட பக்கம் மேலே இருக்கட்டும். மூடியின் உள்விளிம்பு பல்பின் உலோக அடியைச் சுற்றி முழுவதும் இறுக்கமாகக் கவ்வ வேண்டும். ஒரு ஓரம் மடிந்திருந்தால், முதல் ஓடையைக் கடந்ததுமே ரிஃப்ளெக்டருக்குள் தண்ணீர் போய்விடும்.

கப்ளரை மாட்டுமுன் அதன் பித்தளைப் பற்களைப் பாருங்கள். நீலம் பாய்ந்தோ தளர்ந்தோ இருந்தால் புது பல்பைப் போட்டுப் பயனில்லை. அந்த ஒரு மூட்டில் 0.1 ஓம் தடை இருந்தால் 5 ஆம்பியரில் அரை வோல்ட் போகும், இரண்டரை வாட் சூடு அந்தச் சின்ன இடத்தில் இறங்கும். பீங்கான் ஹோல்டர் ஒன்று வாங்கி, ஒயரை முறுக்கி டேப் சுற்றாமல் கிரிம்ப் செய்து (உலோக முனையில் அழுத்திக் கவ்வவைத்து) மாற்றுங்கள்.

கேள்வி: என்னுடையதில் 35/35 வாட் பல்பு. ஹெச்-4 அப்படியே பொருந்தும் என்கிறார் நண்பர்.

அது எந்த 35/35 என்பதைப் பொறுத்தது. ஹெச்.எஸ்-1 என்றால் பார்ப்பதற்கு ஹெச்-4 போலவே மூன்று காதும் மூன்று பல்லும் இருக்கும். ஆனால் அடிப்பாகம் ஒன்றே அல்ல: ஹெச்.எஸ்-1-இல் பி.எக்ஸ்.43டி, ஹெச்-4-இல் பி.43டி. சில டூம்களில் (ரிஃப்ளெக்டரும் முன் கண்ணாடியும் சேர்ந்த ஹெட்லைட் கூடு) இரண்டும் உட்காரும், சிலவற்றில் உட்காராது. காதை அரத்தால் ராவி உட்கார வைக்கிறார்கள். அரை மி.மீ. சாய்ந்தாலும் இழை குவியப் புள்ளியை விட்டு விலகி, வெளிச்சம் மரக்கிளையிலும் எதிரே வருபவர் கண்ணிலும் விழும். பி.ஏ.20டி என்ற பழைய வகை என்றால் பேச்சுக்கே இடமில்லை, அது இரண்டு குமிழ்களை அழுத்தித் திருகும் பல்பு.

பொருந்தினால் லாபம் பெரிது. 13.2 வோல்ட்டில் ஹெச்.எஸ்-1 தருவது பிரைட்டில் 825, டிம்மில் 525 லூமென். ஹெச்-4 தருவது 1650, 1000. ஆனால் மேக்னெட்டிலிருந்து (எஞ்சினோடு சுழன்று மின்சாரம் தரும் பாகம்) கூடுதலாக 20, 25 வாட் போக வேண்டும். ஃபியூயல் பம்பும் இன்ஜெக்‌ஷனும் உள்ள சிறிய வண்டியில் அவ்வளவு மிச்சம் இல்லாமலும் போகலாம். பல்பைப் போட்டு, இரவில் ஓட்டும் அதே வேகத்தில் எஞ்சினை ஓடவிட்டு, பேட்டரியை அளந்து பாருங்கள். கால் மணி நேரம் கழித்தும் 13 வோல்ட்டுக்கு மேல் நிற்கவில்லை என்றால் பேட்டரியைத் தின்றுதான் லைட் எரிகிறது. செங்குத்துத் தடத்தில் முதல் கியரில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது அது காலை வாரிவிடும்.

கேள்வி: கிக்கர் மட்டும் உள்ள, பேட்டரி இல்லாத எண்டூரோ. எல்.இ.டி. பல்பு போட்டேன். விட்டு விட்டுத் துடித்தது, இரண்டாம் நாள் செத்துப்போனது. போலிப் பொருளா?

பொருள் மேல் பழி போடுமுன், உங்கள் வண்டியின் லைட்டுக்கு வருவது ஏ.சி.யா (திசை மாறி மாறி ஓடும் கரண்ட்) டி.சி.யா (ஒரே திசையில் ஓடுவது) என்று பாருங்கள். எஞ்சின் ஓட, கப்ளரில் மீட்டரை டி.சி. அளவில் வையுங்கள். முள் பூஜ்யத்தை ஒட்டியே நின்றால் வருவது ஏ.சி. மலிவான மீட்டரை ஏ.சி. அளவில் வைத்து மட்டும் முடிவு கட்டாதீர்கள். அவற்றில் பல, டி.சி.யைக்கூட ஏ.சி. போலக் காட்டும், அதுவும் இரட்டிப்பாக.

பேட்டரி இல்லாத வண்டிகளில், மேக்னெட்டில் லைட்டுக்கென உள்ள கம்பிச் சுருளான லைட்டிங் காயிலிருந்து நேராக ஏ.சி. வருவது சகஜம். இழை பல்புக்கு இது பொருட்டே அல்ல, அது ஆறுவதற்குள் அடுத்த அலை வந்துவிடும். எல்.இ.டி. ஒரு திசையில்தான் கரண்ட்டை விடும். பாதி அலையில் அணைந்து பாதியில் எரியும், அதுதான் நீங்கள் பார்த்த துடிப்பு. தவிர, 14 வோல்ட் ஏ.சி. என்றால் அலையின் உச்சி 20 வோல்ட்டைத் தொடும். எல்.இ.டி.க்குக் கரண்ட்டை அளந்து விடும் டிரைவர் சர்க்யூட் 12 வோல்ட்டுக்கென்றே செய்தது, அந்த அடியைத் தாங்காது.

வழி இருக்கிறது, ஆனால் பல்பு மாற்றும் வேலை அல்ல. லைட்டிங் காயிலின் ஒரு முனை பொதுவாக எஞ்சின் பாடியில் எர்த் ஆகியிருக்கும். மேக்னெட் தட்டைக் கழற்றி அந்த முனையைப் பாடியிலிருந்து பிரித்து, தனி ஒயராக வெளியே கொண்டுவர வேண்டும். இரண்டு முனைகளையும் முழு அலை ரெகுலேட்டர்-ரெக்டிஃபையருக்குக் (ஏ.சி.யை டி.சி.யாக்கி, வோல்ட்டேஜை எல்லை மீறாமல் வைக்கும் பெட்டி) கொடுத்து, வெளியே வரும் டி.சி.யில் சிறிய பேட்டரி ஒன்றை வையுங்கள். பேட்டரிக்குப் பதில் வெறும் கெப்பாசிட்டர் போதும் என்பார்கள். எரியும், ஐட்லிங்கில் லேசாகத் துடிக்கும். காயிலைப் பிரிக்காமல் ஒரே ஒரு டயோடைப் போட்டு ஒப்பேற்றினால் பாதி அலை வீணாகும், அந்த வண்டியிலோ முழுசாக இருந்தாலே போதாத நிலை.

எப்போதாவது இரவில் ஓட்டுபவர் என்றால், இத்தனை வேலைக்குப் பதில் தனி லித்தியம் பேட்டரியோடு வரும் எல்.இ.டி. விளக்கை ஹேண்டில்பாரில் கட்டிக்கொள்வது புத்திசாலித்தனம்.

கேள்வி: டி.சி. வண்டியில் ஹெச்-4 எல்.இ.டி. போட்டிருக்கிறேன். காலடியில் பகல்போல் இருக்கிறது, தூரத்தில் ஒன்றும் தெரியவில்லை. எதிரே வருபவர்கள் வேறு பிரைட் அடித்துத் திட்டுகிறார்கள்.

ரிஃப்ளெக்டர் என்பது ஒரு குறிப்பிட்ட புள்ளியில் ஒரு மி.மீ. தடிமனில் ஓர் இழை இருக்கிறது என்று நம்பி வார்க்கப்பட்ட பாத்திரம். ஹெச்-4-இல் டிம் இழைக்குக் கீழே ஒரு சின்னத் தகடு கிண்ணம்போல் நிற்கும். கீழே போகும் வெளிச்சத்தை அது மறைப்பதால்தான் எதிரே வருபவர் கண் தப்புகிறது. எல்.இ.டி. பல்பில் இழைக்குப் பதில் ஒரு பலகையின் இரு பக்கமும் சில்லுகள். பலகை தடித்திருந்தாலோ, சில்லுகள் இழையின் இடத்துக்கு முன்னே பின்னே இருந்தாலோ, கதிர்கள் குவியாமல் சிதறும். உங்களுக்கு நடப்பது அதுதான்.

முதலில் பலகை நிற்கும் கோணத்தைச் சரிபாருங்கள். சில்லுகள் இடமும் வலமும், அதாவது கடிகாரத்தில் 9 மணிக்கும் 3 மணிக்கும் பார்க்க வேண்டும். பல பல்புகளில் காலரைத் தளர்த்தித் திருப்பலாம். சுவருக்கு எதிரே வண்டியை நிறுத்தி, டிம்மில் மேல் விளிம்பு கோடு கிழித்ததுபோல் வரும் வரை திருப்பிப் பாருங்கள். எப்படித் திருப்பியும் கோடு வரவில்லை என்றால் அந்தப் பல்பும் அந்த டூமும் சேராது. ஹாலஜனுக்குத் திரும்புங்கள், அல்லது எல்.இ.டி.க்கென்றே வடிவமைத்த முழு டூமாக மாற்றுங்கள். வட்டத்துக்குள் 'இ' எழுத்தும் எண்ணும் பொறித்த அங்கீகாரக் குறியைப் பார்த்து வாங்குங்கள். ஹாலஜன் டூமில் எல்.இ.டி. பல்பு போடுவது பல நாடுகளில் சாலைக்கு அனுமதி இல்லாத காரியம், உங்கள் இடத்து விதியைப் பார்த்துக்கொள்ளவும்.

பின்பக்க விசிறியையும் கவனியுங்கள். அதன் மேல் ரப்பர் மூடியை இழுத்துப் போர்த்தினால் சூடு வெளியேறாமல் சில்லுகள் மங்கும். மூடாமல் விட்டால் சேறு விசிறியை நிறுத்தும். மண் தடத்துக்கு விசிறி இல்லாத, அலுமினியத் துடுப்பு உள்ள வகையே நல்லது.

கேள்வி: மாதம் ஒரு பல்பு ஃபியூஸ் போகிறது. காரணம் தெரியவில்லை.

போன பல்பைத் தூக்கி எறியாதீர்கள், காரணம் அதிலேயே எழுதியிருக்கும். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கண்ணாடி தெளிவாக இருந்து, இழை ஓரிடத்தில் வெட்டியதுபோல் கூராக அறுந்திருந்தால் அதிர்வு. மாஸ்க்கின் ரப்பர் பட்டை, டூமின் ரப்பர் புஷ், பல்பின் ஸ்பிரிங் மூன்றில் ஒன்று தளர்ந்திருக்கும். அறுந்த முனைகள் உருண்டு மணிபோல் இருந்து, கண்ணாடியும் கறுத்தோ வெள்ளி பூசியதுபோலவோ இருந்தால் வோல்ட்டேஜ் அதிகம். த்ராட்டிலை முறுக்கும்போது பேட்டரியில் 15-ஐத் தாண்டுகிறதா என்று பாருங்கள், தாண்டினால் ரெகுலேட்டர் போய்விட்டது. ஏ.சி. வண்டியில் பிரைட்டும் டெயில் லைட்டும் ஒன்றாகப் போனால் அளக்கவே தேவையில்லை, ரெகுலேட்டர்தான். உள்ளே வெள்ளையாகவோ மஞ்சளாகவோ மாவு படிந்திருந்தால் சீல் விட்டு காற்று புகுந்திருக்கிறது.

பல்பு நன்றாக இருந்தும் எரியவில்லை என்றால் லைட்டைப் போட்டு ஹேண்டிலை இடக்கோடி முதல் வலக்கோடி வரை திருப்புங்கள். நடுவில் எங்காவது கண் சிமிட்டினால், ஸ்டீயரிங் கழுத்தில் மடங்கி மடங்கி ஒயர் உள்ளே அறுந்திருக்கிறது. மேலே உறை முழுசாகத்தான் இருக்கும்.

கேள்வி: டிம்மை எவ்வளவு சாய்த்து வைக்க வேண்டும்? பின்னால் சாமான் கட்டினால் மாறுமா?

பரவலாகப் பின்பற்றும் அளவு 1 சதவீதம். சமதரையில், டயரில் சரியான காற்றோடு, நீங்கள் உட்கார்ந்த நிலையில், சுவரிலிருந்து 5 மீட்டரில் வண்டியை நிறுத்துங்கள். டூமின் நடுமையம் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரம் என்றால், சுவரில் டிம்மின் மேல் விளிம்பு 95 செ.மீ. உயரத்தில் விழ வேண்டும்.

சாமான் கட்டினால் நன்றாகவே மாறும். நீண்ட சஸ்பென்ஷன் உள்ள வண்டியில் பின்பக்கம் கூடுதலாக 30 மி.மீ. அமுங்குவது ஒன்றுமே இல்லை. சக்கரங்களுக்கு இடையே 1450 மி.மீ. என்றால் வண்டி 2 சதவீதம் பின்னால் சாய்கிறது. கீழே 1 சதவீதம் சரிந்திருந்த விளிம்பு, மேலே 1 சதவீதம் ஏறிவிடும். 50 மீட்டரில் அது தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரம், எதிரே கார் ஓட்டுபவரின் கண்ணுக்கும் மேலே. சாமானைக் கட்டிய பிறகு பின் ஷாக்கின் ப்ரீலோடை (அதன் ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைக்கும் அளவு) ஏற்றுங்கள். அதற்கு வசதி இல்லாவிட்டால் ஹெட்லைட் திருகை இறக்குங்கள்.

கேள்வி: நீலம் பூசிய ஹாலஜன் பல்பு வெள்ளையாக எரிகிறதே, நல்லதா?

நீலப் பூச்சு மஞ்சளையும் சிவப்பையும் வடிகட்டித்தான் வெள்ளை காட்டுகிறது. வடிகட்டிய அளவுக்கு வெளிச்சம் குறைவு. தூசியில் கூசவும் செய்யும். தெளிந்த கண்ணாடியே போதும்.

கேள்வி: பயணத்தில் உதிரி பல்பை எங்கே வைப்பது? டூல் பையில் வைத்தது உடைந்துவிட்டது.

ஸ்பேனருக்குப் பக்கத்தில் வைத்தால் உடையத்தான் செய்யும். பல்பு வந்த பிளாஸ்டிக் குப்பியிலேயே, சுற்றிலும் ஸ்பாஞ்ச் திணித்து, உங்கள் முதுகுப் பையில் உடைகளுக்கு நடுவே வையுங்கள். வண்டியின் அதிர்வை உங்கள் கை கால்கள் வாங்கிக்கொள்ளும், பல்பு தப்பிக்கும். கூடவே ஒரு 10 ஆம்பியர் ஃபியூஸும், ஆல்கஹால் நனைத்த சிறு துடைப்புத் தாள் பொட்டலம் ஒன்றும். இருட்டில் சேற்றுக் கையோடு மாற்றும்போது கண்ணாடியைத் தொடாமல் யாராலும் மாற்ற முடியாது.